நூறு கோடியில் ஒன்று, 189-ல் ஒன்று

64 ஜிபி நினைவகம் கொண்ட ஒரு மெய்நிகர் இயந்திரம் ஓடிக்கொண்டிருக்கிறது. அதை நிறுத்தாமலேயே ஒரு சர்வரிலிருந்து இன்னொரு சர்வருக்கு மாற்ற வேண்டும். மேகக் கணிமை நிறுவனங்களில் இது அன்றாட வேலை. லினக்ஸ் உலகில் இதைக் கெர்னலுக்குள் இருக்கும் கேவிஎம்மும் அதற்கு மேலே ஓடும் கியூஎமுவும் சேர்ந்து செய்கின்றன. கடையைத் திறந்து வைத்துக்கொண்டே இருப்புக் கணக்கு எடுப்பது மாதிரிதான். எண்ணி முடித்த அலமாரியில் வியாபாரம் நடந்துகொண்டே இருக்கும்.

அளவுகளை முதலில் எழுதிவிடலாம். நினைவகம் 4,096 பைட் கொண்ட பக்கங்களாகப் பிரிந்திருக்கிறது. 64 ஜிபிக்கு 1,67,77,216 பக்கங்கள். மாறிய பக்கத்தைக் குறிக்கப் பக்கத்துக்கொரு பிட் என்றால், அந்தக் குறிகளின் பட்டியலான பிட்மேப்பின் அளவு வெறும் 2 எம்பி. செயலி அதை 8 பைட் கட்டங்களாகக் கையாளுகிறது. ஒரு கட்டத்தில் 64 பக்கங்களின் குறிகள், மொத்தம் 2,62,144 கட்டங்கள்.

பாதை 10 கிகாபிட் நெட்வொர்க் என்று வைத்துக்கொள்வோம். விநாடிக்கு 125 கோடி பைட், அதாவது 1.25 ஜிபி (நெட்வொர்க் கணக்கில் ஜிபி என்பது நூறு கோடி பைட்; நினைவகத்தின் 64 ஜிபி அந்தக் கணக்கில் 68.7 ஜிபி). ஒரு பக்கத்தை அனுப்ப 3.3 மைக்ரோவிநாடி ஆகும். உள்ளே ஓடும் மென்பொருள் விநாடிக்கு 300 எம்பி அளவுக்குப் பக்கங்களை மாற்றுகிறது, ஒவ்வொரு முறையும் புதுப் பக்கத்தையே தொடுகிறது என்றும் கொள்வோம். இது சற்றுக் கடுமையான அனுமானம். நிஜத்தில் அதே பக்கங்களில்தான் திரும்பத் திரும்ப எழுதுவார்கள். இருந்தாலும் கணக்குக்கு வசதி: விநாடிக்கு 73,242 பக்கங்கள். முதல் சுற்றில் எல்லாப் பக்கங்களும் போகும், அடுத்த ஒவ்வொரு சுற்றிலும் முந்தைய சுற்று நடந்தபோது மாறியவை மட்டும்.

சுற்று 1: 68.7 ஜிபி, 55 விநாடி
சுற்று 2: 16.5 ஜிபி, 13.2 விநாடி
சுற்று 3: 3.96 ஜிபி, 3.17 விநாடி
சுற்று 4: 0.95 ஜிபி, 0.76 விநாடி
இயந்திரத்தை நிறுத்திவிட்டு: 0.23 ஜிபி, 0.18 விநாடி

கடைசி வரிதான் வாடிக்கையாளர் கண்ணில் படக்கூடியது. கியூஎமு இயல்பாக அனுமதிக்கும் நிறுத்தம் 300 மில்லிவிநாடி, அதற்குள் அடங்கிவிட்டது. 2005-ல் ஜென் மென்பொருளில் இந்த முறையை விவரித்த ஆய்வுக்கட்டுரை, ஆட்டம் நடந்துகொண்டிருந்த குவேக் 3 சர்வரை 60 மில்லிவிநாடி நிறுத்தத்தில் இடம் மாற்றிக் காட்டியது. நம் கணக்கில் மொத்தம் 72 விநாடி, 90 ஜிபி. மாறிய பக்கங்களை மறுபடி அனுப்பிய வகையில் மட்டும் 31 சதவீதம் கூடுதல்.

இந்தக் கணக்கு முழுவதும் அந்த 2 எம்பி பிட்மேப் பொய் சொல்லாது என்ற நம்பிக்கையில் நிற்கிறது. பிட்மேப்பைத் தொடுபவர்களோ பலர். 16 மெய்நிகர் சிபியு என்றால் 16 திரெட்கள் அதில் குறி வைக்கின்றன. குறிகளைப் படித்து அழிக்க இன்னொரு திரெட் இருக்கிறது. இரண்டு திரெட்கள் ஒரே 8 பைட் கட்டத்தைப் படித்து, தத்தம் பிட்டைச் சேர்த்து, திருப்பி எழுதினால், பின்னால் எழுதியது முன்னதை அழித்துவிடும். மாறிய ஒரு பக்கம் மாறாததாகிவிடும். ரேஸ் கண்டிஷன் என்று புரோகிராமர்கள் தலையில் கைவைப்பது இதற்குத்தான்.

இப்படி நடக்கும் வாய்ப்பு நூறு கோடியில் ஒன்று என்று வைப்போம். பதிப்பு வெளியிடும் அவசரத்தில் பலர் விட்டுவிடக்கூடிய எண். ஆனால் 72 விநாடியில் சுமார் 53 லட்சம் குறிகள் விழுகின்றன. நூறு கோடியை அதனால் வகுத்தால் 189. அதாவது 189 இடமாற்றங்களுக்கு ஒரு பக்கம் தொலையும். அது யாருமே பயன்படுத்தாத பக்கமாக இருக்கலாம், கோப்பு அமைப்பின் அட்டவணையாகவும் இருக்கலாம். புது சர்வரில் இயந்திரம் சிரித்த முகத்தோடு எழுந்து நிற்கும். தவறு என்றோ ஒரு நாள் வேறு உருவத்தில் வெளியே வரும், அப்போது இடமாற்றத்தை யாரும் சந்தேகிக்க மாட்டார்கள்.

தடுப்புச் செலவு எவ்வளவு? பிட்டைப் பிரிக்க முடியாத ஒரே செயலாக, அதாவது அணு முறையில் எழுத, இன்டெல் வகைச் செயலியில் போட்டியில்லாத நேரத்தில் சுமார் 20 சுழற்சிகள். 53 லட்சம் தடவைக்கு 10.6 கோடி சுழற்சி, 3 கிகாஹெர்ட்ஸில் 35 மில்லிவிநாடி. 72 விநாடியில் இது 0.05 சதவீதம். கியூஎமு 2015-ல், 2.4 பதிப்பில், தன்னிடமுள்ள பிட்மேப்பை இந்த முறைக்கு மாற்றியது. போட்டி இருந்தால் செலவு ஏறும் என்பதையும் சொல்ல வேண்டும். 64 பைட் கேஷ் வரி ஒன்றில் 512 பிட்கள், அதாவது 2 எம்பி நினைவகத்தின் குறிகள். அந்த 2 எம்பிக்குள் பல சிபியுக்கள் எழுதினால் அந்த ஒரு வரி சிபியுக்களுக்கிடையே அலைந்துகொண்டே இருக்கும்.

அணு முறை மட்டும் போதாது, வரிசையும் சரியாக இருக்க வேண்டும். முதலில் பக்கத்தை அனுப்பிவிட்டுப் பிறகு குறியை அழித்தால், இடையில் வந்த எழுத்துக்குக் குறியே மிஞ்சாது. கேவிஎம் செய்யும் ஒழுங்கு இது: குறிகளை நகலெடுத்து அழிக்கிறது, அந்தப் பக்கங்களுக்கு எழுத்துத் தடை போடுகிறது, நகலைக் கியூஎமுவிடம் கொடுக்கிறது, திரும்புமுன் எல்லா சிபியுக்களின் டிஎல்பி எனப்படும் முகவரி நினைவுகளையும் துடைக்கிறது. தடை போட்ட பிறகும், துடைக்கும்வரை, ஒரு சிபியு பழைய அனுமதியோடு எழுதிவிட முடியும். அந்த ஓட்டையை கேவிஎம் அடைக்கவே இல்லை. அடைக்கத் தேவையும் இல்லை. அந்தப் பக்கம் ஏற்கெனவே ‘மாறியது’ பட்டியலில் இருக்கிறது, துடைத்த பிறகுதான் அதை யாரும் படித்து அனுப்பப் போகிறார்கள். எனக்குப் பிடித்த இடம் இதுதான். ரேஸை ஒழிக்கவில்லை, தவறு எந்தப் பக்கம் விழ வேண்டும் என்பதை மட்டும் தீர்மானித்திருக்கிறார்கள். மாறாத பக்கத்தை மாறியது என்று சொன்னால் நஷ்டம் 3.3 மைக்ரோவிநாடி. இரண்டாம் சுற்றின் 40 லட்சம் பக்கங்களில் 1 சதவீதம் வீணாகப் போனாலும் 165 எம்பி, 0.13 விநாடி. மறுபக்கத் தவறுக்கு இப்படி ஒரு விலையை யாராலும் எழுத முடியாது.

எழுத்துத் தடைக்கு வேறொரு செலவும் உண்டு. சாதாரணமாக 2 எம்பி பெரிய பக்கங்களாக இருந்த நினைவகத்தை 4 கேபி துண்டுகளாக உடைக்க வேண்டும். கடைசி நிலைப் பக்க அட்டவணை 256 கேபியிலிருந்து 128 எம்பியாக வீங்கும். இத்தனையையும் ஒரே பூட்டைப் பிடித்துக்கொண்டு செய்தால் சிபியுக்கள் வரிசையில் காத்திருக்க வேண்டியதுதான். அதனால் குறிகளைப் படிப்பதையும் அழிப்பதையும் இரண்டாகப் பிரித்தார்கள். இப்போது கியூஎமு 1 ஜிபி துண்டுகளாக, அனுப்புவதற்குச் சற்று முன்புதான் அழிக்கிறது. எந்தத் துண்டு பாக்கி என்று நினைவில் வைக்க 64 ஜிபிக்கு 64 பிட், வெறும் 8 பைட்.

குறி வைக்கும் வேலையையே செயலியிடம் கொடுத்தது இன்டெல். பிஎம்எல் என்ற வசதியில் ஒவ்வொரு சிபியுவும் 512 முகவரிகளை ஒரு பக்கத்தில் தானே எழுதிக்கொள்ளும், நிரம்பினால்தான் கெர்னலுக்கு வரும். லினக்ஸ் இதை 2015-ல் சேர்த்தது. நம் கணக்கில், எழுத்துத் தடையால் பக்கத்துக்கு ஒன்றாக விநாடிக்கு 73,242 முறை நேரும் குறுக்கீடு 143 ஆகச் சுருங்கும். ஆனால் 16 சிபியுக்களின் இன்னும் நிரம்பாத பட்டியல்களில் அதிகபட்சம் 8,176 முகவரிகள், ஏறக்குறைய 32 எம்பி மாற்றங்கள், பிட்மேப்புக்கு வராமல் தேங்கியிருக்கலாம். ஆகவே கணக்கு கேட்கும் ஒவ்வொரு முறையும் கேவிஎம் எல்லா சிபியுக்களையும் தட்டி வெளியே வரவைத்து, கையிலிருப்பதைக் கொட்டச் சொல்கிறது.

2021-ல் லினக்ஸ் 5.11-ல் வந்த டர்ட்டி ரிங் பொது பிட்மேப்பையே தவிர்க்கிறது. சிபியுவுக்கு ஒரு வளையம், ஒரு பதிவு 16 பைட். 4,096 பதிவு வளையம் 64 கேபி. 16 சிபியுவுக்கு 1 எம்பி. நினைவகம் 1 டிபி ஆனால் பிட்மேப் 32 எம்பியாகும், வளையமோ அப்படியே இருக்கும். எழுதுபவர் ஒருவர், அள்ளுபவர் ஒருவர் என்பதால் சிபியுக்களுக்குள் போட்டியில்லை. வளையம் நிரம்பும் தறுவாயில் அந்த சிபியு மட்டும் நின்றுவிடும். அதிகம் எழுதுபவரே அதிகம் காத்திருப்பார், நியாயமான ஏற்பாடு.

அங்கேயும் வரிசைச் சிக்கல் விடவில்லை. பதிவின் கொடியும் முகவரியும் அள்ளுபவர் கண்ணுக்கு எழுதிய வரிசையிலேயே தெரிய வேண்டும். இன்டெல் வகைச் செயலிகள் அந்த வரிசையைக் காப்பாற்றும், ஆர்ம் செயலிகள் அப்படி உறுதி தராது. 2022-ல், வரிசையைக் கறாராகக் கடைப்பிடிக்கும் மென்பொருளுக்கென்று தனி அடையாளம் ஒன்றைக் கேவிஎம் சேர்த்தது. இன்னொரு சிக்கல், எழுதுபவர் எப்போதும் சிபியுவாக இருப்பதில்லை. ஆர்மில் குறுக்கீட்டுக் கட்டுப்பாட்டுக் கருவியின் அட்டவணைகளைச் சேமிக்கும்போது, எந்த சிபியுவின் பெயரிலும் இல்லாமல் கெர்னலே இயந்திரத்தின் நினைவகத்தில் எழுதுகிறது. யாருடைய வளையத்தில் பதிவது? அதற்காக வளையத்தின் பக்கத்திலேயே பழைய பிட்மேப்பும் திரும்ப வந்தது, நம் 64 ஜிபி இயந்திரத்துக்கு அதே 2 எம்பி.