சார்ஜ் ஏறும்போது உள்ளே பொன் பூக்கிறது!

உங்கள் போனில் சார்ஜ் நிறைந்துவிட்டது என்று காட்டுகிறதே, அந்த நேரத்தில் பேட்டரிக்குள் ஒரு பக்கம் பொன்னிறமாகத் தகதகத்துக் கொண்டிருக்கும். சத்தியமாக! பென்சிலில் இருக்கும் அதே கன்னங்கரேல் கிராஃபைட்தான். லித்தியம் ஏற ஏற முதலில் கருநீலம், அப்புறம் சிவப்பு, கடைசியில் பொன். கண்ணாடிச் சன்னல் வைத்த சோதனை பேட்டரிகளை நுண்ணோக்கியின் கீழ் வைத்து ஆய்வாளர்கள் இதைக் கண்ணாரப் பார்த்திருக்கிறார்கள். நாமோ திரையில் 100 என்ற எண்ணைப் பார்த்ததும் வயரைப் பிடுங்கிக்கொண்டு ஓடுகிறோம். இன்றைக்கு மட்டும் கொஞ்சம் நின்று உள்ளே எட்டிப் பார்த்துவிடலாம், வாருங்கள்.

ஒரு புறம் கோபால்ட் ஆக்சைடு பூசிய நேர்முனை. மறுபுறம் கிராஃபைட் பூசிய எதிர்முனை. இரண்டும் ஒட்டிக்கொள்ளாமல் இருக்க நடுவே நுண்துளைகள் உள்ள பிளாஸ்டிக் தாள். எல்லாவற்றையும் நனைத்தபடி மின்பகுளித் திரவம். சார்ஜரை மாட்டியதும் எலக்ட்ரான்கள் வெளிப்பக்கமாக, கம்பி வழியே போகின்றன. லித்தியம் அயனிகள் உட்பக்கமாக, திரவத்தில் நீந்திப் போகின்றன. 5,000 மில்லி ஆம்பியர் மணி பேட்டரி என்றால் எத்தனை அயனிகள் தெரியுமா? 1 எழுதி, பக்கத்தில் 23 பூஜ்யம் போடுங்கள். அதற்கும் கொஞ்சம் மேலே. இத்தனை கோடி கோடியையும் தராசில் நிறுத்தால் 1.3 கிராம்தான்! அவ்வளவு லித்தியம் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்குப் போனால் உங்களுக்கு ஒரு நாள் ஓடுகிறது.

அந்த நீச்சல்தான் பெரிய சாகசம் என்று நினைத்துவிடாதீர்கள். தூரம் ஓரிரண்டு தலைமுடியின் தடிமன், அவ்வளவே. வேடிக்கையெல்லாம் கடைசி ஒரு நானோமீட்டரில் இருக்கிறது.

அதற்கு முன், வருகிறவர் யாரென்று பார்ப்போம். லித்தியம் அயனி ஆள் பொடியன். ஆனால் மின்னூட்டம் முழுதாக ஒன்று. அதை அவ்வளவு சின்ன உடம்பில் சுமப்பதால் சுற்றியிருக்கும் கரைப்பான் மூலக்கூறுகளைப் பிடித்து இழுத்துக்கொள்கிறான். அமைச்சர் ஒருவர் நடந்து வருகிறார், தொண்டர் கூட்டத்தில் அவர் தலையே தெரியவில்லை என்பார்களே, அந்தக் கதைதான்! பொதுவாக நாலு மூலக்கூறு ஒட்டிக்கொண்டிருக்கும். கரைப்பான் எத்திலீன் கார்பனேட் என்றால் ஒரு மூலக்கூறே லித்தியத்தைப் போல 12 மடங்குக்கு மேல் கனம். தண்ணீரிலும் இதே கூத்துதான். பொட்டாசியம் அயனி லித்தியத்தைவிடக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு பெரியது. ஆனாலும் தண்ணீரில் லித்தியத்தைப் போல ஏறக்குறைய இரு மடங்கு வேகமாகப் போகிறது. பெரிய உடம்பு, சின்னப் பரிவாரம்!

(வேகம் என்றதும் ஹைட்ரஜன் அயனியைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. அது நீந்துவதே இல்லை. ஒரு புரோட்டான் பக்கத்துத் தண்ணீர் மூலக்கூறில் தாவும், அங்கிருந்த வேறொரு புரோட்டான் அடுத்ததில் தாவும், இப்படியே கைமாறிக் கைமாறிச் செய்தி மட்டும் போய்ச்சேரும். லித்தியத்தைப் போல 9 மடங்கு வேகம். இப்படியொரு தொடர் கைமாற்றத்தை 1806-லேயே குரோத்தூஸ் என்ற இளைஞர் ஊகித்துவிட்டார். அப்போது எலக்ட்ரான் என்றால் என்னவென்றே யாருக்கும் தெரியாது!)

சரி, வாசலுக்கு வந்துவிட்டோம். மின்னூட்டம் ஏறிய மின்முனையின் முன்னால் எதிர் மின்னூட்டம் கொண்ட அயனிகள் நெருக்கியடித்து வரிசை கட்டுகின்றன. திரவத்தின் பக்கம் ஒரு வரிசை, திடப்பொருளின் பக்கம் ஒரு வரிசை: இதுதான் மின் இரட்டை அடுக்கு. 1853-இல் ஹெல்ம்ஹோல்ட்ஸ் இதைக் கறாரான இரண்டு வரிசைகளாக வரைந்தார். அயனிகள் அப்படிச் சொன்ன பேச்சு கேட்டு நிற்குமா? வெப்பம் அவற்றைக் கலைத்துக்கொண்டே இருக்கும் என்றார்கள் கூயியும் சாப்மனும். 1924-இல் ஸ்டெர்ன் இருவர் சொன்னதையும் சேர்த்து முடித்துவைத்தார்: முன்வரிசை ஒட்டி நிற்கும், பின்வரிசை அலைபாயும். பேட்டரித் திரவம் போல அடர்த்தியான கரைசலில் இந்த மொத்தக் கூட்டமும் ஒரு நானோமீட்டருக்குள் முடிந்துவிடுகிறது. அந்த இடைவெளியில் ஒரு வோல்ட் இறங்கினால், மீட்டருக்கு 100 கோடி வோல்ட் என்ற கணக்கு வருகிறது! காற்றில் மின்பொறி பறக்க மீட்டருக்கு 30 லட்சம் வோல்ட் போதும். உங்கள் சட்டைப்பைக்குள் அதைப்போல 300 மடங்கு புலம், சத்தமே இல்லாமல். நம் காரைக்குடியில், அழகப்ப செட்டியார் நிலமும் பணமும் தந்து 1953-இல் திறக்கப்பட்ட சிக்ரி என்ற மின்வேதியியல் ஆய்வு நிறுவனத்தில், தலைமுறை தலைமுறையாக ஆட்கள் இந்த வாசலைத்தான் உற்றுப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். எனக்கு அவர்கள்மேல் பொறாமைதான்.

இப்போது சிக்கல். கிராஃபைட்டின் அடுக்குகளுக்கு இடையே லித்தியம் நுழையலாம், பரிவாரம் நுழையக் கூடாது. ஒவ்வொரு மூலக்கூறாக உதிர்த்துவிட்டுத் தனியாளாகத்தான் போக வேண்டும். பயணத்தில் பெரிய தடங்கலே இந்த உதிர்த்தல்தான். பரிவாரத்தோடு நுழைந்தால்? முன்பு புரோப்பிலீன் கார்பனேட் என்ற கரைப்பானில் அதுதான் நடந்தது. கிராஃபைட் ஏடு ஏடாக உரிந்து பாழாய்ப் போனது. லித்தியம் அயனி பேட்டரியின் முன்னோடி அகிரா யோஷினோ 1985-இல் கிராஃபைட்டை விட்டுவிட்டுப் பெட்ரோலியக் கோக்கைப் பிடித்துக்கொண்டதை இந்தப் பின்னணியில் பாருங்கள். எத்திலீன் கார்பனேட்டுக்கும் புரோப்பிலீன் கார்பனேட்டுக்கும் வேறுபாடு ஒரே ஒரு மெத்தில் தொகுதி. ஆனால் எத்திலீன் கார்பனேட் 36 டிகிரியில்தான் உருகும். அறை வெப்பத்தில் கட்டியாகக் கிடப்பதை யார் சீந்துவார்கள்? 1990-இல் கனடாவில் ஜெஃப் டானும் கூட்டாளிகளும் அதைக் கலந்து பார்த்தார்கள். கிராஃபைட் உரியவில்லை!

ரகசியம் ஒரு தோல். முதல்முறை சார்ஜ் ஏறும்போது வாசலில் கொஞ்சம் திரவம் எலக்ட்ரானை வாங்கிச் சிதைகிறது. சிதைந்தது கிராஃபைட்டின்மேல் சில பத்து நானோமீட்டர் தடிமனில் படிகிறது. லித்தியத்துக்கு வழி உண்டு. எலக்ட்ரானுக்குக் கிடையாது, கரைப்பானுக்கும் கிடையாது. ஆக, படிந்ததே மேற்கொண்டு சிதைவைத் தடுக்கிறது. திட்டமிட்டாலும் இவ்வளவு சாமர்த்தியமான காவலை வைக்க முடியாது! இதற்கு விலையும் உண்டு: பத்தில் ஒரு பங்கு வரை லித்தியம் அந்தத் தோலிலேயே சிக்கிப்போகும். அந்த முதல் சார்ஜ் நீங்கள் டப்பாவைப் பிரித்து ஆசையாகப் போட்டது அல்ல. தொழிற்சாலையில், மெதுவாக, கண்காணித்து எப்போதோ முடித்துவிட்டார்கள்.

இதைப் பார்த்த பிறகு போனின் பிகுவெல்லாம் புரிகிறது. 80 சதவீதத்துக்கு மேல் ஏன் நத்தையாகிறது? உள்ளே இடம் குறைந்துவிட்டது. அவசரப்படுத்தினால் லித்தியம் நுழையாமல் வாசலிலேயே உலோகமாகப் படியும். கடுங்குளிரிலும் அப்படித்தான், பரிவாரம் சீக்கிரம் உதிராது. லடாக் போகிறவர்கள் உறைபனியில் சார்ஜ் போடாமல், போனைக் கொஞ்சம் கதகதப்பாக்கிவிட்டுப் போடுங்கள்.

நமக்குக் குளிரைவிட வெயில்தான் பெரிய பிரச்சினை. சூடு ஏறினால் அந்தத் தோல் தடித்துக்கொண்டே போகும், லித்தியத்தையும் தின்றுகொண்டே போகும். சார்ஜில் இருக்கும் போனைத் தலையணைக்கு அடியிலோ, வெயில் படும் கார் முகப்பிலோ வைக்காதீர்கள்.