மாதுளையின் நிறமும் ஏட்டின் பாடமும்

சில ஆண்டுகளுக்கு முன்னர், பாரிட் புந்தாரில் நண்பர் ஒருவர் இல்லத்தில் தமிழாசிரியர்கள் ஐவர் கூடி ஒரு படம் பார்த்தோம். கடைத்தெருவில் மலிவாகக் கிடைத்த டி.வி.டி. தட்டு அது. ருஷ்யக் கலைப்படம் என்று சொல்லி விற்றார்கள். இருபது நிமிடத்திற்குள் ஒருவர் உறங்கிவிட்டார். மற்றொருவர் தேநீர் போடுவதாகச் சொல்லி எழுந்து போனவர் நெடுநேரம் வரவில்லை. எஞ்சிய மூவரும் இறுதிவரை இருந்தோம் என்றாலும், என்ன கண்டோம் என்று எவராலும் சொல்ல முடியவில்லை. அதன் பிறகு, அப்படத்தைப் பற்றிக் கேட்டவர்களிடமெல்லாம் "பொருளற்ற புதிர், நேரத்தை வீணாக்க வேண்டா" என்று யான் கூறி வந்தேன். இலக்கிய வட்டக் கூட்டம் ஒன்றிலும் அவ்வாறே சொன்னதுண்டு.

அத்தீர்ப்பை இங்கே திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். சென்ற ஆண்டு அதே படத்தின் திருத்திய பதிப்பைக் காணும் வாய்ப்புக் கிட்டியது. முன்பு நாங்கள் பார்த்தது படமே அன்று. அதன் சிதைந்த படியொன்று. எழுதுவோன் பிழையைப் பாடியவன் தலைமேல் ஏற்றலாகாது என்று மாணாக்கர்க்கு ஓயாது சொல்பவர்கள் நாம். அதே பிழையை நாமே செய்திருந்தோம்.

படத்தின் பெயர் 'மாதுளையின் நிறம்'. இயக்கியவர் செர்கேய் பரஜானோவ். ருஷ்யப் படம் என்பது நம் வாய்ப்பழக்கமேயன்றி உண்மையன்று. ஸோவியத் ஆட்சிக் காலத்தில், ஆர்மேனியாவின் திரைப்பட நிலையத்தில், ஆர்மேனிய மொழியில் உருவாகி 1969-இல் வெளிவந்த படம் இது. பரஜானோவ் 1924-இல் ஜார்ஜியத் தலைநகர் திபிலிசியில் ஆர்மேனியப் பெற்றோருக்குப் பிறந்தவர். உக்ரேனில் அவர் எடுத்த 'மறந்த மூதாதையரின் நிழல்கள்' என்னும் படம் 1960-களின் நடுவில் அவருக்கு உலகப் புகழைத் தந்தது. அதனை அடுத்து அவர் எடுத்துக்கொண்ட பொருள், 18-ஆம் நூற்றாண்டுக் கவிஞர் ஒருவரின் வாழ்வு.

அக்கவிஞர் சயாத் நோவா. காக்கேசிய நாட்டில் 'அஷூக்' என்றொரு பாடகர் மரபு உண்டு. தாமே பாட்டுக் கட்டி, யாழ்போன்ற நரம்புக் கருவியை இசைத்து, ஊரூராகவும் அரசவைகளிலும் பாடுவோர் அவர்கள். நம் பாணர்க்கு உறவினர் என்று சொல்லத் தோன்றும். ஆனால் இவர்கள் தம் பெயரைப் பாட்டிலேயே பொறித்து வைத்தவர்கள். சயாத் நோவா ஆர்மேனியம், ஜார்ஜியம், அசர்பைஜானியம் ஆகிய மும்மொழியிலும் பாடினார். தமிழ், மலாய், ஆங்கிலம் என்று நாளும் மும்மொழியில் புழங்கும் நமக்கு இதில் வியப்பில்லை. ஜார்ஜிய மன்னன் அவையில் பாடி, பின்னர் அதனை இழந்து, துறவு பூண்டு, 1795-இல் பாரசீகப் படையெடுப்பின்போது கொலையுண்டார்.

கவிஞர் வரலாற்றைத் திரையில் காணும் பழக்கம் நமக்கு உண்டு. ஜெமினியின் 'ஔவையார்' 1953-இல் வந்தது. 'பாரதி' 2000-இல் வந்தது. பிறப்பு, வறுமை, பாட்டு, புகழ், இறப்பு என்று நிரலாகச் செல்லும் கதை அவற்றில் இருந்தது. பரஜானோவோ கதையை அடியோடு விட்டுவிட்டார். படம் ஏறத்தாழ 79 நிமிடம் ஓடுகிறது. அதில் உரையாடல் என்று சொல்லத்தக்கது மிகச் சிறிதே. ஒளிப்படக் கருவி அநேகமாக அசைவதேயில்லை. மனிதர் நேர்முகமாக நின்று நம்மைப் பார்க்கிறார்கள், பழைய சுவடி ஓவியங்களில் நிற்பதுபோல. வெள்ளைத் துணிமேல் வைத்த மாதுளங் கனிகளிலிருந்து செஞ்சாறு கசிந்து பரவுகிறது. எழுத்துப் பொறித்த கல்லின்மேல் ஒரு கால் திராட்சைக் குலையை மிதிக்கிறது. சாயத் தொட்டியிலிருந்து எடுத்த கம்பளி நூற்கற்றைகளின் சொட்டு கீழேயுள்ள தட்டங்களில் விழுகிறது. தேவாலயத்தினுள் ஆட்டு மந்தை நிறைகிறது. சோஃபிகோ சியாவுரேலி என்னும் நடிகையே இளங்கவிஞனாகவும் அவன் காதலியாகவும் வருகிறார். வேறு வேடங்களும் அவருக்கு உண்டு.

இவற்றுக்குப் பொருள் யாது என்று வினவுவோர்க்குத் தமிழில் விடை ஆயத்தமாக இருக்கிறது. முதற்பொருளும் கருப்பொருளும் நிற்க, உரிப்பொருள் அவற்றினுள்ளே ஒளிந்து நிற்பது அகப்பாட்டின் நெறி. தலைவியின் துயரைப் புலவன் நேரே கூறான். நாரையையும் கழியையும் புன்னையையும் காட்டிவிட்டு ஒதுங்கிக்கொள்வான். உள்ளுறையும் இறைச்சியும் அறிந்தவன் எஞ்சியதை அறிவான். பரஜானோவின் மாதுளை அத்தகைய கருப்பொருள். கனியாகவும் குருதியாகவும் நாடாகவும் காதலாகவும் அது மாறி மாறி நிற்கிறது. இது நம் தொல்காப்பியத்தைப் படித்து எடுத்த படம் என்று யான் சொல்லவில்லை. அத்தகைய பெருமைப் பேச்சுக்கள் நமக்கு வேண்டியதுமில்லை. அகநானூற்றைப் படிக்கத் தெரிந்த கண் இப்படத்தையும் படிக்கும் என்பதே என் துணிபு.

ஆனால் இந்நெறியில் ஓர் இடர் உண்டு. கதைப்பாட்டில் ஒரு சொல் சிதைந்தாலும் கதை பிழைத்துக்கொள்ளும். அகப்பாட்டில், புன்னை நின்ற இடத்தில் எழுதுவோன் கைப்பிழையால் மலைநாட்டு மரமொன்று புகுந்துவிட்டால் நெய்தல் நிலமே மறைந்துவிடும். அதனோடு இரங்கலும் மறையும். நிறமே சொல்லாக நிற்கும் படத்திற்கும் அஃதே கதி. நாங்கள் முதலிற் கண்ட தட்டில் சிவப்பு, பழுப்பாகி இருந்தது. மாதுளைச் சாறு, தேநீர் சிந்திய கறைபோல் தெரிந்தது. கரிய துறவாடைகளின் மடிப்புகள் எல்லாம் ஒரே சாம்பல். காதலியின் கையிலுள்ள லேசுப் பின்னலின் நிறம் காட்சிக்குக் காட்சி மாறுவது திருத்திய பதிப்பைக் கண்ட பின்னரே எனக்குப் புலப்பட்டது. கவிஞனும் காதலியும் ஒரே முகம் என்பது முன்பு தெரியவே இல்லை. முகமே தெளிவாக இல்லாதபோது எப்படித் தெரியும்? உறங்கிய நண்பரைக் குறை சொல்வதற்கில்லை.

நிறம் மங்கியது காலத்தின் குற்றம். இப்படத்திற்கு மனிதர் செய்ததும் உண்டு. முதலில் 'சயாத் நோவா' என்பதே இதன் பெயர். கவிஞரின் வாழ்வையும் பணியையும் மக்களுக்கு அறிவிக்கும் படமாக இது இல்லை என்று அதிகாரிகள் குறை கண்டனர். கவிஞர் பெயரைத் தலைப்பிலிருந்து நீக்கச் செய்து, 'மாதுளையின் நிறம்' என்ற பெயரில் ஆர்மேனியாவில் வெளியிட்டனர். பின்னர் செர்கேய் யுத்கேவிச் என்னும் மூத்த இயக்குநர் அதனை மீண்டும் வெட்டி ஒட்டினார். சில காட்சிகளை நீக்கி, சிலவற்றை இடம் மாற்றி, ருஷ்ய மொழியில் தலைப்பெழுத்துக்களைச் சேர்த்தார். ஐந்தாறு நிமிடம் குறைந்த அப்பாடமே ஸோவியத் நாட்டின் பிற பகுதிகளுக்குச் சென்றது. யுத்கேவிச்சைக் கொடியவர் என்று எழுதுவோர் உளர். அது நேர்மையாகாது. அவர் தொட்டிராவிடில் ஆர்மேனியாவிற்கு வெளியே படம் சென்றிருக்குமா என்பது ஐயமே. ஏட்டைப் படியெடுத்தவன் தனக்கு விளங்காத அடியைத் தான் விளங்கிக்கொண்டவாறு திருத்தி எழுதியதும் உண்டு. அவன் எழுதியிராவிடில் அவ்வேடு நம் கைக்கு வந்தேயிராது. ஆயினும் திருத்தம் திருத்தமே, மூலமாகாது. எந்தப் பாடத்தைக் காண்கிறோம் என்று அறிந்து காணுதல் வேண்டும்.

படைத்தவர் பட்டதும் சிறிதன்று. 1973 டிசம்பரில் கைதான பரஜானோவ் நான்காண்டுகள் தொழிலாளர் முகாம்களில் கழித்து 1977 இறுதியில் மீண்டார். 'மாதுளையின் நிறம்' வெளிவந்தபின், 1980-களின் நடுப்பகுதி வரை வேறொரு முழுநீளப் படத்தை முடிக்க அவர்க்கு இயலவில்லை. 1990-இல் மறைந்தார். தம் படம் செப்பமுற்று வெளிவந்ததை அவர் காணவில்லை.

அச்செப்பம் நிகழ்ந்தது 2014-இல். மார்ட்டின் ஸ்கோர்செசி நிறுவிய திரைப்பட அறக்கட்டளையின் 'உலகத் திரைப்படத் திட்டம்', இத்தாலியின் பொலோனா நகரத்துச் செப்பனிடு நிலையத்தோடு இணைந்து இதனைச் செய்தது. ருஷ்யாவின் கோஸ்ஃபில்மோஃபோண்டுக் காப்பகமும் ஆர்மேனிய தேசியத் திரைப்பட மையமும் துணை நின்றன. அவ்வாண்டு கான் விழாவில் திரையிடப்பெற்று, 2018-இல் புளூ-ரே தட்டாகவும் வந்தது. அடிப்படையாகக் கொண்டது ஆர்மேனியப் பாடத்தை. யுத்கேவிச்சின் பாடத்தை அன்று.

இப்பணியின் இயல்பை உ. வே. சாமிநாதையரின் நூற்பதிப்புக்களைக் கையாண்டவர்க்கு விளக்க வேண்டியதில்லை. பழைய ஏடுகளில் புள்ளி இல்லை; எகர ஏகார வேறுபாடு இல்லை; காலும் ரகரமும் ஒரே வடிவம். பல படிகளை ஒப்புநோக்கி, எது சிதைவு, எது புலவன் சொல் என்று ஆய்ந்து, 1887-இல் சீவக சிந்தாமணியையும் 1894-இல் புறநானூற்றையும் அவர் வெளியிட்டார். படச்சுருளைச் செப்பனிடுவோர் செய்வதும் இதனையே. கீறலை நீக்கலாம், ஆனால் கீறல் என்று எண்ணி நூலின் இழையை நீக்கிவிடக் கூடாது. நிறத்தை மீட்கலாம், எந்த நிறம் என்பதற்கு மூலச் சான்று வேண்டும். கிடைக்காததைக் கிடைக்காதது என்றே விட்டுவிட வேண்டும். பதிற்றுப்பத்தின் முதற் பத்தும் பத்தாம் பத்தும் இல்லாமலே நாம் படித்து வருகிறோம் அல்லவா?

புதிய பதிப்பிலும் எனக்குக் குறை உண்டு. சில உட்புறக் காட்சிகள் வேண்டியதைவிட இருண்டு தோன்றுகின்றன. அது பரஜானோவ் வைத்த இருளா, செப்பனிட்டோர் வைத்ததா என்று ஒரு தட்டை மட்டும் வைத்துத் தீர்மானித்தல் ஒரு சுவடியை வைத்துப் பாடம் துணிவதுபோலாகும். படத்தின் பிற்பகுதியும், கவிஞர் துறவியான பின்னர், சற்றே நீள்கிறது. இதற்குத் தட்டின்மேல் பழி போட முடியாது.

இவ்விடத்தில் நம் வீட்டையும் ஒருமுறை எண்ணிப் பார்க்கலாம். தோட்டத்துத் திடலில் வெள்ளைத் துணி கட்டிப் படம் காட்டிய காலத்தைப் பெரியவர்கள் அறிவர். எத்தனையோ ஊர் சுற்றிக் கீறல் மழையோடு வந்து சேரும் சுருள். பாதியில் அறுந்து ஒட்டப்படும். ஒட்டும்போது ஒரு பாட்டோ ஒரு சண்டையோ போய்விடும். நாம் அதனையே படம் என்று கண்டு களித்தோம். கதைப்படமாதலின் பிழைத்தது. ஆனால் 1931-இல் வந்த முதல் தமிழ்ப் பேசும்படம் 'காளிதாஸ்' சிதைந்த படியாகக்கூட இன்று கிடைக்கவில்லை. நடராஜ முதலியாரின் ஊமைப்படம் 'கீசக வதம்' அவ்வாறே போயிற்று. ஆடிப்பெருக்கில் ஏடுகளை ஆற்றில் விட்ட நம் முன்னோரைக் குறை கூறும் நாம், நம் நூற்றாண்டின் ஏடுகளை இவ்வாறு விட்டிருக்கிறோம். அண்டை மொழியில் அரவிந்தன் 1978-இல் எடுத்த 'தம்பு' என்னும் மலையாளப் படத்திற்கு நல்லூழ் இருந்தது. மூல நெகட்டிவ் அழிந்துபோயிருந்தும், எஞ்சிய படியைக் கொண்டு சென்னையிலும் பொலோனாவிலுமாகச் செப்பனிட்டு 2022-இல் கான் விழாவில் காட்டினர்.

இனி, 'மாதுளையின் நிறம்' காண விரும்பும் ஆசிரியர்களுக்குச் சில செய்திகள். இப்படத்தின் சட்டம் பழைய அளவினது. அகலம், உயரத்தைப்போல் ஏறத்தாழ 1.37 மடங்கு. இன்றைய தொலைக்காட்சிப் பெட்டியோ அகன்றது. வெற்றிடம் விழக்கூடாதென்று பலர் படத்தை இழுத்துப் பரப்பிவிடுகிறார்கள். ஒல்லியான துறவி பருத்த வணிகராகிவிடுகிறார். இருபுறமும் கரும்பட்டை நிற்பதே முறை. பழைய தட்டுக்களில் மற்றொரு குற்றமும் உண்டு. நொடிக்கு 24 சட்டமாக எடுத்த படத்தை, நம் நாட்டில் வழங்கிய பால் முறைக்கு ஏற்ப 25 சட்டமாக ஓட்டுவார்கள். படம் நான்கு விழுக்காடு விரையும்; இசையின் சுருதியும் ஒரு சுரத்தானத்தில் முக்கால் பங்குக்குச் சற்றுக் குறைவாக ஏறிவிடும். திக்ரான் மன்சூரியான் அமைத்த இசையில் தேவாலயப் பாட்டும் கருவி ஒலியும் தோய்ந்து வருகின்றன. அவற்றைச் சுருதி பிறழக் கேட்பது கொடுமை. தமிழில் அடிவரி உள்ள தட்டு எதனையும் யான் கண்டதில்லை. ஆங்கில அடிவரியைக்கூட முதல் முறை அணைத்துவிட்டுப் பார்ப்பது நன்று. வரியைப் படிக்கும் கண் கனியைப் பார்க்காது.

நேரம் குறைவாக உள்ளோர் ஒரு காட்சியை மட்டுமேனும் பார்க்க வேண்டும். கவிஞன் சிறுவனாக இருக்கும்போது பெருமழையில் மடத்து நூல்கள் நனைந்துவிடுகின்றன. துறவியர் அவற்றைக் கல் வைத்து அழுத்துகின்றனர். ஏடுகளுக்கிடையிலிருந்து நீர் வழிகிறது. பின்னர் கூரையெங்கும் அவற்றை விரித்து உலர்த்துகின்றனர். சிறுவன் நடுவே மல்லாந்து கிடக்கிறான். காற்றில் நூற்றுக்கணக்கான தாள்கள் ஒருசேரப் புரள்கின்றன. பேச்சு ஒன்றுமில்லை. பழைய தட்டில் அத்தாள்கள் வெறும் வெள்ளைத் துண்டுகளாய்த் தெரிந்தன. புதியதில் எழுத்தும் ஓவியமும் தெரிகின்றன.

சென்ற மாதம் அதே ஐவரும் அதே இல்லத்தில் மீண்டும் கூடிப் பார்த்தோம். முன்பு உறங்கியவர் இம்முறை அக்காட்சியை நிறுத்தி மறுபடியும் போடச் சொன்னார். தேவாலயத்தில் ஆடுகள் எதற்கு என்பதில் மட்டும் எங்களுக்குள் உடன்பாடு ஏற்படவில்லை. இரவு பதினொரு மணிக்கு மேலும் பேசிக்கொண்டிருந்தோம்.