எரிச்சல் யாருக்கு?

‘அனாய்’ என்னும் ஆங்கில வினைச்சொல் கொரிய மொழி பேசுவோரை எப்படித் தடுமாற வைக்கிறது என்று இன்று பார்ப்போம்.

அண்டை வீட்டு இரைச்சலால் நொந்த கொரியர் ஒருவர், “ஐ ஆம் அனாயிங்” என்கிறார் என்று வைத்துக்கொள்வோம். கேட்பவர் சிரித்துவிடுவார். காரணம், “நான் பிறருக்கு எரிச்சல் மூட்டுகிறவன்” என்பதே அதன் பொருள். அவர் “ஐ ஆம் அனாய்ட்” என்றிருக்க வேண்டும்.

இது அறிவுக்குறை அன்று. கொரிய மொழியில் எரிச்சல் என்பது ‘ஜாஜுங்’. அதனோடு ‘எழு’ எனப் பொருள்படும் ‘நாதா’ என்னும் வினை சேரும். நமக்கு எரிச்சல் வருகிறது, அவர்களுக்கு எழுகிறது. மூட்டியது எது என்று சொல்லாமலே வாக்கியம் நிறைந்துவிடும். ஆங்கிலமோ மூட்டுவதையே முன்னே நிறுத்தும்: “தி நாய்ஸ் அனாய்ஸ் மீ.” இரைச்சல் மூட்டுகிறது, ஆகவே அது ‘அனாயிங்’. நாம் படுகிறோம், ஆகவே நாம் ‘அனாய்ட்’.

எங்கள் வகுப்பிலும் சலிப்படைந்த பிள்ளை, “ஐ ஆம் போரிங்” என்று சொல்லக் கேட்டிருக்கிறோம். அப்போது நகைக்காமல், இரு சொற்களையும் அருகருகே சொல்லிக் காட்டுவோம். நகைப்புக்கு அஞ்சி வாய்மூடும் பிள்ளைக்கு எந்த மொழியும் வசப்படாது.