ஓடத் தயார், ஆனால் ஓடாது

பெட்டியைப் பிரித்துத் தண்டவாளத்தில் வைத்தால் போதும் என்று விற்கப்படும் மாதிரி நீராவி இன்ஜின்கள் பல சமயம் திக்குகின்றன, நொண்டுகின்றன. சில, பெட்டிக்குள் இருந்தபடியே நொறுங்குகின்றன. இந்தியாவில் வாங்குபவருக்குத் தானே மெக்கானிக் ஆவதைத் தவிர வேறு வழியில்லை.

புனேயிலிருந்து நாசிக் போகும் நெடுஞ்சாலையில் சுமார் 30 கி.மீ. தூரத்தில் இருக்கிறது சாகண். ஒரு காலத்தில் வெங்காயச் சந்தைக்கும், 1660இல் மொகலாயப் படை முற்றுகையிட்ட கோட்டைக்கும் பேர்போன ஊர். இன்று பஜாஜ், மகிந்திரா, ஃபோக்ஸ்வேகன், மெர்சிடிஸ் பென்ஸ் என்று வண்டிகளாகச் செய்து தள்ளும் தொழில் பேட்டை. வாகனத் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு. புது வண்டியை உருளைகள் மீது ஏற்றி, வேகமெடுத்து, பிரேக் பிடித்துப் பார்த்த பிறகே ஆலையின் கதவு திறக்கும்.

அதே புனேயில், கோத்ரூட் பகுதியில் இன்னொரு போக்குவரத்து உலகம் இருக்கிறது. பாவுசாஹேப் ஜோஷி என்ற ரயில் பிரியரின் வாழ்நாள் கனவாக 1998 ஏப்ரல் 1 அன்று திறக்கப்பட்ட மினியேச்சர் ரயில்வே அருங்காட்சியகம். ஒரு பொம்மை நகரம், அதைச் சுற்றிச் சிக்னல்களை மதித்து ஓடும் ரயில்கள். பார்த்துவிட்டு வெளியே வரும் பலருக்கு, வீட்டிலும் ஒன்று ஓடினால் என்ன என்று தோன்றும். அதிலும் நீராவி இன்ஜின்தான் வேண்டும். தண்டுகள் முன்னும் பின்னும் அசைய, சக்கரம் சுழலும் அழகு டீசலில் ஏது?

தொல்லை அங்கேதான் ஆரம்பிக்கிறது. வெளிநாட்டிலிருந்து வரும் இந்த இன்ஜின்களின் பெட்டியில் 'ரெடி டு ரன்' என்று அச்சிட்டிருக்கும். ஓடத் தயார் என்று அர்த்தம். ஆனால் சாகணின் மோட்டார் சைக்கிளுக்குக் கிடைக்கும் கவனிப்பு எல்லா மாதிரி இன்ஜினுக்கும் கிடைத்திருக்கும் என்று நம்ப முடியாது.

முடி அளவு பிசகு

இந்த இன்ஜின்களில் நீராவி கிடையாது. 12 வோல்ட் மின்சாரம் தண்டவாளத்திலிருந்து சக்கரத்துக்கும், சக்கரத்தை உரசும் மெல்லிய தகடுகள் வழியாக மோட்டாருக்கும் போகிறது. பிரிட்டனில் பிரபலமான 'ஓஓ' அளவில் நிஜ இன்ஜின் 76 மடங்கு சிறியதாகிவிடுகிறது. கூடவே பிசகுக்கான இடமும் சுருங்குகிறது. மாதிரியில் 0.1 மி.மீ. தவறு, நிஜ இன்ஜினில் ஏழரை மி.மீ. தவறுக்குச் சமம்.

டீசல் மாதிரியைச் செய்வது ஒப்பீட்டளவில் சுலபம். பெரிய கூடு, உள்ளே கனமான அடிப்பாகம், எல்லாச் சக்கரங்களுக்கும் கியர் மூலமாகவே இயக்கம். நீராவி இன்ஜினில் பாய்லர் ஒல்லி. மோட்டாரையும் எடையையும் அதற்குள் திணிக்க வேண்டும். பெரும்பாலும் ஒரே ஒரு அச்சைத்தான் மோட்டார் சுழற்றும். மற்றவற்றை இழுத்துச் செல்வது வெளியே தெரியும் இணைப்புத் தண்டுகள்.

ஒவ்வோர் அச்சிலும் ஒரு பக்கத்துச் சக்கரத்தின் முளை மறுபக்கத்து முளைக்கு 90 டிகிரி தள்ளி இருக்க வேண்டும். எல்லா அச்சுகளிலும் அதே கோணம். ஒரு சக்கரம் அச்சில் துளி திரும்பிவிட்டாலும் தண்டுகள் ஒன்றோடொன்று மல்லுக்கட்டும். சக்கரம் சுற்றுக்கு ஒரு தடவை தயங்கும், இன்ஜின் நொண்டும். புதிய இன்ஜின் வாத்து போல் ஆடி ஆடி நடந்தால், பெரும்பாலும் நோய் இதுதான்.

அடுத்தது சக்கரங்களுக்கு இடையே உள்ள உள் இடைவெளி. ஓஓ அளவில் இது சுமார் 14.5 மி.மீ. இருக்க வேண்டும். குறைந்தால் பாதை பிரியும் இடத்தில் சக்கரம் ஏறிக் குதித்துத் தடம் புரளும். நேர்ப் பாதையில் ஒழுங்காக ஓடிய இன்ஜின் அங்கு மட்டும் கவிழ்ந்தால் பலரும் தண்டவாளத்தைத்தான் திட்டுவார்கள். குற்றவாளி ஆலையில் சக்கரத்தை அழுத்திப் பொருத்திய இயந்திரமாக இருக்கலாம்.

மூன்றாவது, மின்சாரப் பட்டினி. நாலே சக்கரமுள்ள குட்டி இன்ஜின், பாதை பிரியும் இடத்திலுள்ள பிளாஸ்டிக் துண்டின் மீது ஏறியதும் செத்துப்போகும். உரசும் தகடு ஒன்று சக்கரத்தைத் தொடாமல் வளைந்திருந்தாலும் இதே கதிதான். இழுவை கூட வேண்டும் என்று சில கம்பெனிகள் சக்கரத்தில் ரப்பர் வளையம் மாட்டுகின்றன. இழுவை கூடும், ரப்பர் மாட்டிய சக்கரம் மின்சாரம் எடுக்காது. ஒரு கையால் கொடுத்து மறு கையால் பிடுங்கும் வித்தை.

உலோக அச்சில் இறுக்கிப் பொருத்திய பிளாஸ்டிக் கியர் வருடங்கள் போகப்போகச் சுருங்கி வெடிப்பதும் உண்டு. சுற்றுக்கு ஒரு 'டிக்' சத்தம் அதன் அடையாளம். கிடங்கில் நெடுநாள் கிடந்த இன்ஜினில் ஆலை தடவிய கிரீஸ் மெழுகாக இறுகியிருக்கும்.

மருந்தில்லாத நோய்

இவற்றையெல்லாம் பொறுமை இருந்தால் சரிசெய்துவிடலாம். சரிசெய்ய முடியாத ஒன்று இருக்கிறது. இன்ஜினின் அடிப்பாகம் துத்தநாகக் கலவையில் வார்க்கப்படுகிறது. துத்தநாகம், அலுமினியம், மக்னீசியம், செம்பு ஆகியவற்றின் ஜெர்மன் பெயர்களிலிருந்து பிறந்த பெயர் 'ஸமாக்'. பிரிட்டிஷ்காரர்களுக்கு 'மஸாக்'. அமெரிக்காவின் நியூ ஜெர்சி ஸிங்க் கம்பெனி 1929இல் உருவாக்கியது.

கலவையில் ஈயம் ஒரு சதவீதத்தில் ஆயிரத்தில் சில பங்கு கூடினாலே போதும், உலோகத்தின் உள்ளே அரிப்பு தொடங்கிவிடும். வெப்பமும் ஈரக் காற்றும் அதைத் துரிதப்படுத்தும். வார்ப்பு உப்பும், வளையும், பிறகு பிஸ்கட் போல் நொறுங்கும். வெளியே வண்ணம் பளபளக்கும்போதே உள்ளே எல்லாம் முடிந்திருக்கலாம். காரணம் தெரிந்து நூறாண்டு நெருங்குகிறது. தடுக்கும் வழியும் தெரியும்: 99.99 சதவீதத் தூய துத்தநாகத்தை வாங்கி, ஆலையில் ஈயம் கலக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். இருந்தும் 1930களின் பிரிட்டிஷ் பொம்மைகளைத் தின்ற இந்த அரிப்பு, 2000க்குப் பிறகு வந்த சில மாதிரிகளையும் விடவில்லை. பழைய உலோகத் துண்டுகளை உருக்கிச் சேர்க்கும் சிக்கனம் போதும், ஒரு தொகுதி முழுவதும் பாழாக.

சிக்கனத்துக்கும் காரணம் உண்டு. ஃப்ராங்க் ஹார்ன்பி லிவர்பூலில் 1920இல் ரயில்களைச் செய்யத் தொடங்கினார். அவர் பெயர் தாங்கிய கம்பெனி பிற்பாடு மார்கேட் நகருக்குப் போயிற்று. 1990களின் கடைசியில் உற்பத்தி சீனாவுக்கு மாறியது. போட்டியாளர்களும் அதே வழியில். கைவேலைக்குக் கூலி குறைந்ததால் நுணுக்கம் பிரமாதமாகக் கூடியது. தனித்தனியாக ஒட்டிய குழாய், கைப்பிடி, ஏணி. ஆனால் ஒப்பந்த ஆலை ஒரு சிறு தொகுதியைச் செய்துவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடும். கியர் உடைந்தால் உதிரிபாகம் தேடி அலைய வேண்டியது வாங்கியவர்.

கடைசி இன்ஸ்பெக்டர்

லண்டன்வாசி பழுதான இன்ஜினைக் கடையில் திருப்பிக் கொடுத்து மாற்றிக்கொள்ளலாம். புனேக்காரருக்கோ சென்னைக்காரருக்கோ அது அவ்வளவு லேசல்ல. சுங்க அட்டவணையில் மாதிரி ரயிலும் பொம்மையும் 9503 என்ற ஒரே தலைப்பில் வருகின்றன. உள்நாட்டு பொம்மைத் தொழிலை வளர்க்கும் நோக்கத்தில் இதன் அடிப்படை வரி 2020இல் 20 சதவீதத்திலிருந்து 60 சதவீதமாகவும், 2023இல் 70 சதவீதமாகவும் உயர்த்தப்பட்டது. 70 சதவீதக் கணக்கில் 200 பவுண்டு இன்ஜினுக்கு அடிப்படை வரி மட்டுமே 140 பவுண்டு. இவ்வளவு கொடுத்து வாங்கியதைத் திருப்பி அனுப்பத் தபால் செலவு, மாற்று இன்ஜின் வரும்போது சுங்கத்தோடு வாதம். எனவே ஆலை செய்யாத சோதனையை வாங்கியவரே செய்கிறார்.

அந்தச் சோதனைக்குப் பெரிய பட்டறை வேண்டாம். பெட்டியைப் பிரித்ததும் இன்ஜினைப் பஞ்சு மெத்தையில் மல்லாக்க வைத்து, சக்கரத்துக்கு மின்சாரம் கொடுத்துக் காதைத் தீட்டிக்கொள்ள வேண்டும். சத்தம் சீராக இருந்தால் பெட்டிகள் எதையும் கோக்காமல் நடுத்தர வேகத்தில் முன்னோக்கி அரை மணி, பின்னோக்கி அரை மணி. அளவுகோலால் சக்கர இடைவெளி. பிளாஸ்டிக்கைத் தின்னாத எண்ணெய், அதுவும் ஊசி முனையில் ஒரு சொட்டு. தேங்காய் எண்ணெய் கூடாது, பிசுபிசுத்துவிடும். திக்கினால் முதலில் தண்டவாளத்தையும் சக்கரத்தையும் துடைக்க வேண்டும். தீப்பொறியால் படியும் கருமையே பாதித் தொல்லைக்குக் காரணம். கடலோர நகரங்களில் இன்ஜினை ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலத்தோடு மூடி வைப்பது நல்லது. அரிப்பை அது நிறுத்தாது, தாமதப்படுத்தலாம்.

முக்கியமாக, கடையின் உத்தரவாதக் காலம் முடிவதற்குள் ஓட்டிப் பார்த்துவிட வேண்டும். சேகரிப்பாளர்கள் பலர் பெட்டியைப் பிரிக்காமலே அலமாரியில் அடுக்குகிறார்கள். பத்து வருடம் கழித்துத் திறக்கும்போது புகார் கேட்க ஆளிருக்காது.

தூய உலோகத்தை வார்ப்பது, சக்கரத்தை அச்சில் நேராகப் பொருத்துவது, அனுப்பும் முன் ஓட்டிப் பார்ப்பது. இவற்றில் எதுவும் சாகணின் ஆலைகளுக்குப் புதிதல்ல. இந்தியாவில் மாதிரி இன்ஜின் வாங்குபவர்களின் எண்ணிக்கைதான் எந்த ஆலையையும் இந்தப் பக்கம் திரும்ப வைக்கும் அளவுக்கு இல்லை. அதுவரை 'ஓடத் தயார்' என்பதை ரயில் பிரியர்கள் வாக்குறுதியாக அல்ல, வேண்டுகோளாகவே படிக்க வேண்டியிருக்கும்.