பழைய மலர்களுக்குள் ஒரு சொல்லைத் தேட

கண்டியில் நெடுங்காலமாகத் தமிழ் டைப்செட்டிங் செய்கிறேன். கும்பாபிஷேக மலர், பாடசாலை ஆண்டு மலர், தவணைப் பரீட்சை வினாத்தாள், தோட்டத்துச் சனங்கள் எழுதக் கேட்கும் மனுக்கள் என்று என் கணினி நிறையக் கோப்புகள். கோப்பின் பெயர் தெரிந்தால் எடுத்துவிடலாம். உள்ளே உள்ள ஒரு சொல் மட்டும்தான் நினைவிருக்கிறது என்றால்?

அதற்கும் வழி உண்டு. புத்தகத்தின் கடைசியில் வரும் சொல்லடைவு போல, எந்தச் சொல் எந்தக் கோப்பில் இருக்கிறது என்று விண்டோஸ் முன்கூட்டியே குறித்து வைக்கும். தேடும்போது அந்த அடைவை மட்டும் பார்ப்பதால்தான் நொடியில் விடை வருகிறது. ‘இன்டெக்சிங் ஆப்ஷன்ஸ்’ பகுதியில் உங்கள் ஃபோல்டரைச் சேர்த்து, ‘ஃபைல் கன்டென்ட்ஸ்’ என்று முடியும் தெரிவையும் கொடுங்கள். முதல் தடவை நேரமெடுக்கும். இரவு முழுக்க ஓடவிடலாம்.

ஆனால் இலங்கையில் தமிழ் தட்டச்சு செய்தவர்களுக்கு இதற்கு மேலும் ஒரு வேலை இருக்கிறது. நம் பழைய கோப்புகளில் ஏராளமானவை பாமினி எழுத்துருவில் உள்ளவை. திரையில் ‘கண்டி’ என்று தெரியும். கணினிக்குள் இருப்பதோ எஃப், இசட், அரைப்புள்ளி, பி என்ற நான்கு ஆங்கில விசைகள். தமிழெழுத்துக்கெனத் தனிக் குறியீடு உள்ள யூனிகோடில் ‘கண்டி’ என்று தேடினால் அது அகப்படவே அகப்படாது. ஆகவே யூனிகோடுக்கு மாற்ற வேண்டும். சுரதாவின் ‘பொங்குதமிழ்’ போன்ற இலவச மாற்றிகள் இணையத்தில் உண்டு. நடுவில் ஆங்கிலச் சொல் இருந்தால் அதுவும் தமிழெழுத்தாகிக் குழம்பும். மூலக் கோப்பை அழிக்காமல் பிரதியில் மாற்றுங்கள்.

அண்மையில் கலஹாவிலிருந்து ஓர் ஆசிரியை வந்தார். “அண்ணே, லூல்கந்துர பத்தி எங்கப்பா ஒரு மலர்ல எழுதினாரு. நீங்கதான் டைப் பண்ணிக் கொடுத்தீங்க” என்றார். எந்த மலர், எந்த வருடம் என்று தெரியவில்லை. 1867இல் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை பயிரிட்ட தோட்டம் அது. பெயரை லூல்கந்துர, லூல்கந்துரை, லூல்கொந்தர என்று ஆளுக்கொரு விதமாக எழுதுவார்கள். ‘லூல்’ என்று மட்டும் அடித்தேன். கட்டுரை வந்தது. மாற்றி வைத்த ஃபோல்டரில் இருந்ததால் வந்தது.

தமிழில் தேடும்போது முழுச் சொல்லையும் அடிக்காமல் இருப்பது நல்லது. ‘தோட்டம்’ என்றால் ‘தோட்டத்தில்’, ‘தோட்டத்துரை’ இரண்டும் தவறிவிடும். ‘தோட்ட’ என்று நிறுத்தினால் எல்லாம் வரும்.

ஸ்கேன் செய்த பிடிஎஃப் வெறும் படம்; அதில் தேட எழுத்தே இல்லை. படத்திலுள்ள எழுத்தைப் படித்தெடுக்கும் டெசராக்ட் போன்ற ஓசிஆர் மென்பொருள் தமிழையும் படிக்கும். பிழை வரும், ஒப்புநோக்க வேண்டும்.

2005இல் தொடங்கிய ‘நூலகம்’ எண்ணிம நூலகம் ஈழத்து வெளியீடுகளை ஸ்கேன் செய்து காத்து வருகிறது. டைப்செட்டிங் செய்கிறவர்களிடம் இருப்பதோ அச்சுக்குப் போகுமுன் உள்ள எழுத்து. மலையகத்து மனிதர்கள் தங்கள் தோட்டத்தைப் பற்றியும் பெற்றோரைப் பற்றியும் எழுதியவை இப்படிப்பட்ட சின்ன மலர்களில்தான் சிதறிக் கிடக்கின்றன. இதே தொழில் செய்யும் நண்பர்களே, உங்கள் பழைய ஹார்ட் டிஸ்க் பழுதாகுமுன் அவற்றை யூனிகோடுக்கு மாற்றி, ஒரு பிரதியை வேறோரிடத்திலும் வையுங்கள். தேடி வருபவரின் கையில் கொடுக்க அது இருக்க வேண்டும்.