வலி நின்ற பிறகு

என் தம்பிக்கு சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி நெய்கிற வேலை. ஸ்ரீவில்லிபுத்தூரில் காலை பஸ் ஏறினால் இருட்டித்தான் வீடு திரும்புவான். தறியை விட்டு எழுந்திருக்க வேண்டுமே என்று தண்ணீர் குடிக்க மாட்டான்.

சித்திரையில் ஒருநாள், இடது விலாவிலிருந்து தொடையிடுக்கு வரை வலி, தரையில் புரண்டான். சிறுநீரகக் கல்லாக இருக்கும் என்று வாழைத்தண்டுச் சாறு கொடுத்தேன். நாலாம் நாள், "கல்லு விழுந்துருச்சு போலக்கா" என்றான். வலியே இல்லை. ஆடிப்பூரத்துக்கு ஆண்டாள் தேரின் வடம் பிடித்து இழுத்தான். கார்த்திகையில் வேறு எதற்கோ ஸ்கேன் எடுத்தபோதுதான் தெரிந்தது, கல் விழவேயில்லை. "கிட்னியில நீர் கோத்திருக்கு" என்றார் டாக்டர்.

அப்படியானால் வலி ஏன் நின்றது? அன்றிலிருந்து இதைத்தான் கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

சிறுநீர் இறங்கும் குழாயின் அகலம் 3, 4 மில்லிமீட்டர்தான். அதில் கல் சிக்கினால் நீர் மேலே தேங்கி, சிறுநீரகத்தின் நடுவிலுள்ள பையை உப்ப வைக்கிறது. உயிர்போகிற வலி அந்த உப்பலால் வருவது. முதல் ஓரிரு மணி நேரம் சிறுநீரகத்துக்கு ரத்தம் கூடுதலாகவே பாய்கிறது. பிறகு ரத்தக்குழாய்கள் சுருங்கிவிடும். ரத்தம் குறைய, ஊறும் நீரும் குறைகிறது; அழுத்தம் தணிகிறது; வலியும் அடங்கிவிடலாம். கல் மட்டும் அங்கேயே இருக்கிறது.

ஒரு சிறுநீரகத்தில் சுமார் 10 லட்சம் வடிகட்டிகள். அவற்றோடு சேர்ந்த நுண்குழாய்களின் செல்கள் அழுத்தத்தில் இழுபட்டு, ரத்தமும் போதாமல் சாகின்றன. வெள்ளணுக்கள் வந்து குவிகின்றன. அவற்றின் பின்னாலேயே நார் படர்கிறது. தோலில் காயத்தை மூடித் தழும்பாக்கும் அதே நார்தான். இங்கே அது வடிகட்டும் சதையின் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. அந்த இடம் மறுபடி வடிகட்டாது. நாய்களில் செய்த சோதனைகளில், முழு அடைப்பை ஒரு வாரத்துக்குள் நீக்கியபோது சிறுநீரகம் ஏறக்குறைய முழுதாக மீண்டது. 6 வாரம் கடந்தபின் மீளவில்லை. பாதி அடைப்பென்றால் அவகாசம் கூடுதல்.

சிறுநீரகத்தின் வேலையைக் காட்டும் கிரியேட்டினின் அளவு தம்பியின் ரத்தத்தில் சரியாகத்தான் இருந்தது. இன்னொரு சிறுநீரகம் இரண்டின் வேலையையும் இழுத்துக்கொண்டிருந்தது.

கல்லை எடுத்தாயிற்று. இடது சிறுநீரகத்தின் மேற்சதை மெலிந்துபோனது போனதுதான். "வலிச்சப்பவே போயிருக்கலாம்லக்கா" என்று ஒரே ஒரு தடவை சொன்னான். சாறு கொடுத்தவள் நான்.

இப்போது தெருவில் யாராவது கல் விழுந்துவிட்டது என்றால், கண்ணால் பார்த்தாயா என்று கேட்கிறேன். சிறுநீரை வடிகட்டிப் பார்க்கத் தம்பி நெய்த துணியையே கிழித்துக் கொடுக்கிறேன். கல் அதில் விழுந்தாலும் ஸ்கேனுக்கு அனுப்பாமல் விடுவதில்லை.