எண்ணிக்கையில் தங்கியிராத உரிமை

தமது சமூகத்தின் உரிமைக்காக ஒருவர் குரல் கொடுப்பது இயல்பானது. தமக்கு வாக்குப் பலமாக அமைய முடியாத வேறொரு சமூகத்திற்காக ஓர் அரசியல்வாதி தனது பதவியையே பணயம் வைப்பது அபூர்வமானது. அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தைச் சேர்ந்த தோமஸ் கென்னடியின் வாழ்க்கையை இதனாலேயே நாம் நினைவுகூர வேண்டியுள்ளது.

ஸ்கொட்லாந்தில் 1776 இல் பிறந்து, இளவயதில் அமெரிக்காவில் குடியேறிய கென்னடி, 1817 இல் மேரிலாந்துப் பிரதிநிதிகள் சபைக்குத் தெரிவானார். மாநிலத்தில் அரச பதவி ஏற்பவர் கிறிஸ்தவ மதத்தில் நம்பிக்கை கொண்டவராகப் பிரகடனம் செய்ய வேண்டும் என 1776 ஆம் ஆண்டின் மாநில அரசியலமைப்பு விதித்திருந்தது. மத்திய அரசின் பதவிகளுக்கு மதச் சோதனை கூடாதென நாட்டின் அரசியலமைப்பு தடை செய்திருந்த போதிலும், அத்தடை மாநிலங்களைக் கட்டுப்படுத்தவில்லை. எனவே, சட்டப்படி நாட்டின் ஜனாதிபதியாக வரக்கூடிய யூதர் ஒருவர், மேரிலாந்தில் ஒரு நகர சபை உறுப்பினராகக்கூட வர முடியாதிருந்தது.

கென்னடி ஒரு கிறிஸ்தவர். யூதர் எவருடனும் அவருக்குப் பழக்கம் இருக்கவில்லை. மாநிலத்தில் யூதர்களின் தொகையும் மிகச் சொற்பமே. ஆயினும், ஒரேயொரு யூதர் மாத்திரம் வாழ்ந்தாலும் அவருக்கு நீதி வழங்கப்பட வேண்டும் என அவர் வாதிட்டார். 1818 இல் அவர் முன்னெடுத்த சட்டமூலம் 1819 இல் தோற்கடிக்கப்பட்டது. 1822 இல் அது நிறைவேறியபோதும், அரசியலமைப்புத் திருத்தம் என்பதால் அடுத்த சபையும் அதனை உறுதிப்படுத்த வேண்டியிருந்தது. இடையில் வந்த 1823 ஆம் ஆண்டுத் தேர்தலில் மதமே பிரசாரப் பொருளாகியது. கிறிஸ்தவத்தின் விரோதியாகச் சித்திரிக்கப்பட்ட கென்னடி தோல்வியடைந்தார், திருத்தமும் கைகூடவில்லை.

எனினும், 1824 இல் மீண்டும் தெரிவான அவர் முயற்சியைக் கைவிடவில்லை. 1825 இல் நிறைவேறிய சட்டமூலம் 1826 ஜனவரியில் உறுதிப்படுத்தப்பட்டது. அவ்வாண்டிலேயே சொலமன் எட்டிங், ஜேக்கப் கோஹன் ஆகிய இரு யூதர்கள் போல்ட்டிமோர் நகர சபைக்குத் தெரிவாகினர். கென்னடி 1832 இல் கொலரா நோயினால் காலமானார்.

அந்த வெற்றி முழுமையானதன்று என்பதையும் நாம் மறந்துவிடலாகாது. அதே மாநிலத்தில் கறுப்பின மக்கள் அப்போதும் அடிமைகளாகவே வைக்கப்பட்டிருந்தனர். பதவி ஏற்பவரிடம் இறைநம்பிக்கைப் பிரகடனம் கோரும் விதியும் 1961 இல் உயர் நீதிமன்றம் நிராகரிக்கும் வரை நீடித்தது.

பெரும்பான்மையினர் மனமுவந்து அளிக்கும் சலுகையாக உரிமை கருதப்படும்வரை, அது அடுத்த தேர்தலுடன் பறிபோகக்கூடியதே. 1823 இல் மேரிலாந்தில் நடந்தது அதுவே. ஆட்களை எண்ணிப் பார்த்து வழங்கப்படுவதல்ல நீதி என்பதைத் தனது தோல்வியின் பின்னரும் வலியுறுத்தியதே கென்னடியின் பெருமையாகும்.